கண்ணீர் வராத அழுகை

ஜனவரி 5, திங்கள்

வெயில் எட்டிப் பார்த்து ஒரு வாரமாகிறது. துவைத்துப் போட்ட துணிகள் காயவே மாட்டேன் என்கின்றன. சட்டை ஏற்றுமதித் தொழிற்சாலையின் இஸ்திரிப் பிரிவுக்கும் எங்கள் குழந்தைகள் காப்பகத்துக்கும் நடுவில் ஒரே சுவர்தான், அது எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். அதில் கயிறு கட்டி இடுப்புத் துணிகளை வரிசையாகத் தொங்கவிட்டிருக்கிறோம். எட்டிப் பார்த்த மேனேஜர், "இங்கயும் ஏற்றுமதி நடக்குதா?" என்றார். அவருக்கும் சில நாள் நகைச்சுவை வந்துவிடுகிறது.

அம்மாக்கள் அந்தப் பக்கம் தைக்கிறார்கள். இந்தப் பக்கம் நானும் பெரியம்மாவும் அவர்கள் பிள்ளைகளைப் பார்க்கிறோம். பெரியம்மா எனக்கு உறவில்லை. மேனேஜருக்கும்கூட அவர் பெரியம்மாதான்.

கன்னம் உப்பிய எங்கள் பூசணி இன்று கையை விட்டுவிட்டுத் தானாக நின்றாள். நின்றதைப் பார்த்து அவளே கைதட்டினாள், தட்டியதில் தொப்பென்று விழுந்தாள், விழுந்ததற்கும் சிரித்தாள். பால் நேரத்தில் ஓடி வந்த அவள் அம்மாவிடம் சொன்னபோது அவளுக்கு நம்பிக்கையில்லை. "என் கண்ணு முன்னாடி நிக்க மாட்டாளே, கள்ளி." அந்த அம்மாவைத் தையல் லைனில் எல்லோரும் காலர் என்றுதான் கூப்பிடுவார்கள். சட்டைக்குக் காலர் வைப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. வீட்டுக்காரருக்குக் கப்பலில் வேலை. எப்போதாவது வந்து முகம் காட்டிவிட்டுப் போவார்.

குயில்தான் இன்று சரியில்லை. எந்நேரமும் ராகம் போட்டு அழுவதால் அந்தப் பெயர். இன்று சத்தமே இல்லை. குடித்த பாலையெல்லாம் என் தோளிலேயே கக்கிவிட்டாள். மாலையில் அவள் அம்மா, பல் முளைக்குது, வேறொன்றுமில்லை என்றாள்.

பல்லாகத்தான் இருக்கும்.

ஜனவரி 6, செவ்வாய்

குயில் வரவில்லை. அறை அமைதியாக இருக்கிறது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

ஜனவரி 7, புதன்

இரண்டு பிள்ளைகளுக்கு வாந்தி. மதியத்துக்கு மேல் ஒருவனுக்கு வயிறு போக ஆரம்பித்தது. போனது என்றால் குழாயைத் திறந்துவிட்ட மாதிரி. பச்சையும் மஞ்சளுமாக வெறும் தண்ணீர். ஒருவித புளித்த நாற்றம்; சோப்புப் போட்டுக் கழுவிய பிறகும் விரல் நகத்துக்குள் ஒட்டிக்கொண்டு வீடு வரை வந்தது.

பெரியம்மா எத்தனையோ பிள்ளைகளைப் பார்த்தவர், எதற்கும் பதறாதவர். இன்று தரையைத் துடைத்துவிட்டுத் துணியை அலசாமல் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றார். என்ன பெரியம்மா என்றேன். ஒண்ணுமில்ல, போன குளிருக்கும் இதே மாதிரி ஆரம்பிச்சது என்றார். அப்புறம் என்ன ஆனது என்று கேட்கவில்லை.

முதலாளியை இன்று அறையின் மறுகோடியில் தனியாக விளையாட விட்டேன். முதலாளி என் அண்ணன் மகன். ஒன்பது மாதம்தான் ஆகிறது, அதற்குள் வீட்டில் நாங்கள் மூன்று பேரும் அவரிடம் கைகட்டிச் சேவகம் செய்கிறோம். அண்ணி இதே தொழிற்சாலையில் பேக்கிங். அதனால் தினமும் முதலாளி என்னோடு வேலைக்கு வருகிறார். தவழ்ந்து தவழ்ந்து மற்றவர்களிடமே போய்ச் சேர்ந்தார். தூக்கி வந்து விட்டால் மறுபடியும் போகிறார். ஒரு பொம்மையை நான்கு வாய்கள் மாறி மாறிக் கடிக்கின்றன. எத்தனை பொம்மையைக் கழுவுவேன்?

ஜனவரி 8, வியாழன்

சாப்பாட்டு நேரத்தில் எதிர்த் தெரு சுகாதார நிலையத்துக்கு ஓடினேன். அங்கே பெஞ்சு முழுக்க மடியில் துவண்ட பிள்ளைகள். எங்கள் குயிலும் இருந்தாள். அம்மா மடியில் கிடந்து அழுதாள். வாய் அழுகிறது, முகம் கோணுகிறது, கண் மட்டும் வறண்டு கிடக்கிறது. இப்படி ஓர் அழுகையை நான் பார்த்ததில்லை.

சிஸ்டர் எனக்குத் தெரிந்தவர். ஊசி நேரத்திலும் பேசிக்கொண்டே வேலை செய்வார். நான் கேட்காமலே சொன்னார்.

"ரோட்டா வைரஸ். குளிர் வந்தா இது வந்துடும். சுத்தமான வீடு, அழுக்கு வீடுன்னு பார்க்காது. அஞ்சு வயசுக்குள்ள ஏறக்குறைய எல்லாப் பிள்ளையையும் ஒரு தடவையாவது தொட்டுட்டுத்தான் விடும். ரெண்டு வயசுக்குள்ள வர்றதுதான் பொல்லாதது."

மருந்து என்றேன். இதற்கென்று மருந்து கிடையாதாம். தண்ணீர்தான் மருந்தாம். உப்பும் சர்க்கரையும் அளவாகக் கலந்த அந்தப் பொட்டலத்தைக் கரைத்து, ஸ்பூன் ஸ்பூனாக, கக்கினாலும் கொஞ்சம் பொறுத்து மறுபடியும், போனதற்கு மேல் உள்ளே போகும் வரை. தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. தரைக்குச் சோப்புத் தண்ணீர் மட்டும் போதாது, பிளீச்சிங் பவுடர் கரைத்துத் துடைக்கச் சொன்னார். வராமல் தடுக்க ஒரு சொட்டு மருந்து உண்டு. ஆனால் பிறந்த சில வாரங்களிலேயே ஆரம்பித்துவிட வேண்டும். உங்கள் பிள்ளைகளில் எத்தனை பேர் குடித்திருக்கிறார்கள் என்று கேட்டார்.

சொட்டு மருந்து கொடுப்பது வேலை நாளில், காலையில். எங்கள் அம்மாக்கள் அந்த நேரத்தில் மிஷின் முன்னால் இருப்பார்கள். அண்ணியும் அப்படித்தான். ஒருமுறை போனார், அன்றைக்கு முதலாளிக்குக் காய்ச்சல், அடுத்த வாரம் வாங்க என்று அனுப்பிவிட்டார்கள். அடுத்த வாரம் அண்ணி வேலைக்குத் திரும்பிவிட்டார்.

கிளம்பும்போது சிஸ்டர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "கண்ணு உள்ள போச்சுன்னா, உச்சிக்குழி பள்ளமாச்சுன்னா, அழுதா கண்ணீர் வரலைன்னா, உடனே இங்க வரணும். அழறதையே நிறுத்திட்டா இங்க வந்து நேரத்தை வீணாக்காதீங்க. நேரா பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க."

திரும்பி வந்ததும் மேனேஜரிடம் போனேன். உடம்பு சரியில்லாத பிள்ளை உள்ளே வரக்கூடாது, சரியான பிறகும் சில நாள் வரக்கூடாது, அதுவரை அம்மாவுக்கு லீவு கொடுங்கள், இல்லாவிட்டால் அத்தனை பிள்ளைகளும் படுத்துவிடும் என்றேன். பிள்ளைகள் விஷயத்தில் உடனே தலையாட்டினார். லீவு விஷயத்தில் ஆர்டர், கப்பல், தேதி என்று என்னென்னவோ சொன்னார்.

பாதியாவது கிடைத்ததே என்று வந்துவிட்டேன்.

ஜனவரி 9, வெள்ளி

இன்று வாசலில் நானே நின்றேன். ஒவ்வொரு பிள்ளையையும் நெற்றியைத் தொட்டு, அம்மாவிடம் கேட்டு, பிறகே உள்ளே விட்டேன். மூன்று பேரைத் திருப்பி அனுப்பினேன். ஒருத்தி கெஞ்சினாள். இன்னொருத்தி, நீ பெத்து வளர்த்திருந்தா தெரியும் என்றாள். அவள் சொன்னது நெஞ்சில் தைத்தது, ஆனாலும் விடவில்லை.

மதியம் அண்ணி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார். பேக்கிங்கில் எல்லோரும் உன் நாத்தனார் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டாளா என்கிறார்களாம். எங்கள் வயிற்றில் அடித்துவிட்டாள் என்கிறார்களாம். பிளீச்சிங் தண்ணீரில் கை எரிந்துகொண்டிருந்தது.

பூசணி நன்றாக இருக்கிறாள். கஞ்சிக் கிண்ணத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நின்றாள். காலர் வந்து பார்த்து, கிரீடமா மகாராணி என்று அள்ளிக்கொண்டாள்.

ஜனவரி 11, ஞாயிறு

முதலாளிக்குக் காலையிலிருந்து வாந்தி.

எழுத உட்காரக்கூட நேரமில்லை. அண்ணன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். தண்ணீர் குடுக்க குடுக்கத்தான் போகுது, குடுக்காம இருந்தா தானா நின்னுடும் என்கிறான். பஸ் பட்டறையில் மெக்கானிக். எதுவானாலும் குழாயை அடைத்தால் ஒழுகல் நிற்கும் என்பது அவன் கணக்கு. நான் ஸ்பூனை எடுத்தால் கையைப் பிடிக்கிறான். என் பிள்ளை, எனக்குத் தெரியாதா?

உனக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. நாலு நாளைக்கு முன்னாடி வரைக்கும் எனக்கும் தெரியாதுடா.

நான் கத்தினதில் அண்ணி அடுப்பங்கரையிலிருந்து வந்து பிள்ளையை வாங்கி என் மடியில் போட்டார். "நீ குடு. அவரை நான் பார்த்துக்கறேன்." அதற்குப் பிறகு அண்ணன் வாசற்படியில் போய் உட்கார்ந்துகொண்டான்.

ஸ்பூன், ஸ்பூன், ஸ்பூன். கக்குகிறான். பொறுத்து, மறுபடியும்.

ஜனவரி 12, திங்கள்

காலையில் முதலாளி கண் உள்ளே போய்விட்டது. அண்ணன்தான் முதலில் பார்த்தான். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு செருப்பில்லாமல் நடக்க ஆரம்பித்தான்.

சுகாதார நிலையத்தில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். நரம்பு கிடைக்காமல் இரண்டு கையிலும் தேடி, காலில் தேடினார்கள். அண்ணி பார்க்க முடியாமல் வெளியே போய்விட்டார். அண்ணன் பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

நாளைக்கு வரைக்கும் எதுவும் சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

ஜனவரி 13, செவ்வாய்

முதலாளி இன்று அண்ணனின் மீசையைப் பிடித்து இழுத்தார். அண்ணன் அழுதான். வலிக்குதாம்.

சிஸ்டர், வீட்டில் ஸ்பூனால் கொடுத்தது காப்பாற்றியது, இல்லாவிட்டால் நேற்றே கை மீறியிருக்கும் என்றார். அண்ணன் அதைக் கேட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றான். நானும் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அண்ணி லீவில் இருக்கிறார். நாளை நான் காப்பகம் போகிறேன். இரண்டு நாள் பெரியம்மா தனியாகச் சமாளித்திருக்கிறார், பாவம்.

ஜனவரி 14, புதன்

எப்படி எழுதுவது? வரிசையாக எழுதுகிறேன். வரிசையாக எழுதினால்தான் எனக்கே புரியும்.

காலையில் காலர் பூசணியைக் கொண்டுவந்து நீட்டினாள். பொங்கலுக்கு எடுத்த புதுச் சட்டை, தலைவாரி, பவுடர் எல்லாம் போட்டு. கையில் வாங்கும்போதே கனம் வேறு மாதிரி இருந்தது. அவள் எப்போதும் தாவிக்கொண்டு வருவாள், இன்று சரிந்து வந்தாள். என் தோளில் தலையை வைத்தாள். வைத்த கையோடு வாந்தி.

நான் காலரைப் பார்த்தேன். அவள் கீழே பார்த்தாள். நேத்து ராத்திரியிலேர்ந்துக்கா என்றாள். ரெண்டு தடவைதான் வெளிக்குப் போனாள், நின்னுடும்னு பார்த்தேன்.

உள்ளே பதினைந்து பிள்ளைகள். முந்தாநாள்தான் எங்கள் வீட்டுப் பிள்ளையின் காலில் நரம்பு தேடியதைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். என்னால் முடியாது என்றேன். நேராக சிஸ்டரிடம் போ, வீட்டில் இருந்து ஸ்பூனால் கொடு, இந்தப் பொட்டலங்களை எடுத்துக்கொள், தண்ணீரை மட்டும் நிறுத்தாதே என்று எல்லாம் சொன்னேன். சரிக்கா, சரிக்கா என்று கேட்டுக்கொண்டாள். போன தடவை லீவு போட்டதுக்கே கூப்பிட்டுத் திட்டினாங்க என்று மட்டும் ஒருமுறை சொன்னாள். பரவாயில்லை போ, மேனேஜரிடம் நான் சொல்கிறேன் என்றேன். போனாள். கேட்டைத் தாண்டிப் போவதை நான் பார்த்தேன்.

மேனேஜரிடம் சொல்லப் போனேன். அவர் இல்லை. வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று திரும்பினேன். பிறகு வேலையில் மறந்துபோனது.

மாலை ஷிப்ட் முடிந்து ஜனங்கள் வெளியே போகும் நேரம். நான் அறையைப் பூட்டிக்கொண்டிருந்தேன். கூட்டத்தில் காலரைப் பார்த்தேன். கழுத்தில் அளவு டேப்போடு, சட்டையில் நூல் துணுக்குகளோடு, லைனிலிருந்து வந்துகொண்டிருந்தாள்.

நீ இங்கயா இருந்த என்று கேட்டது என் குரல்தானா? பக்கத்து வீட்டு அத்தை பார்த்துக்கறேன்னாங்க, நாலு பிள்ளை வளர்த்தவங்க, நல்லாப் பார்த்துப்பாங்க என்றாள். போன் வாசலில் வாங்கி வைத்துவிடுகிறார்கள், அதனால் கேட்க முடியவில்லையாம். சொல்லும்போதே என் முகத்தைப் பார்த்து அவள் முகம் மாறியது. ஓடினோம்.

அந்த அத்தை வாசலிலேயே இருந்தார். மெதுவாகப் பேசச் சொல்லி உதட்டில் விரல் வைத்தார். "இப்பத்தான் நல்லாத் தூங்குது. கடையில சொல்லி மருந்து வாங்கிக் குடுத்தேன், போறது டக்குன்னு நின்னுடுச்சு. குடிச்சா கக்குதுன்னு தண்ணிகூடக் குடுக்கல." எவ்வளவு நிம்மதியாகச் சொன்னார். பொட்டலங்கள் பிரிக்காமல் ஜன்னலில் இருந்தன.

பூசணி தூங்கவில்லை. கண் பாதி திறந்திருந்தது. கன்னமெல்லாம் எங்கே போனது? வயிற்றில் தோலைக் கிள்ளிப் பார்த்தேன். கிள்ளினது கிள்ளினபடியே நின்றது. காலர் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். உலுக்கினாள். அவள் அழவில்லை. அழவேயில்லை.

ஆட்டோவில் நான் ஸ்பூனால் வாயை நனைத்துக்கொண்டே போனேன். உதட்டோரமாக வழிந்துவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் உள்ளே வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார்கள். காலர் கதவில் கையை வைத்தபடி நிற்கிறாள். உட்காரச் சொன்னால் உட்கார மாட்டேன் என்கிறாள்.

அவள் பையிலிருந்த துண்டுத் தாளில்தான் இதையெல்லாம் எழுதுகிறேன். கையைச் சும்மா வைத்திருக்க முடியவில்லை.

ஜனவரி 15, வியாழன்

பூசணி போய்விட்டாள்.

ஜனவரி 17, சனி

தூக்கிக்கொண்டு போனபோது எவ்வளவு லேசாக இருந்தாள்.

கப்பலுக்குச் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டதாம். அவர் வருவதற்கு நாளாகும். காலர் வீட்டில் சொந்தக்காரர்கள் நிறைந்திருந்தார்கள். அவள் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் எழுந்து போய்விடவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. பக்கத்து வீட்டு அத்தை அவர்கள் வீட்டுக் கதவைத் திறக்கவேயில்லை. உள்ளே விசும்பல் கேட்டதாகச் சொன்னார்கள்.

யாரைக் குற்றம் சொல்வது? மருந்து கொடுத்தவரையா? லைனுக்கு ஓடியவளையா? லீவு போட்டதற்குத் திட்டியவரையா? வாசலில் நின்று திருப்பி அனுப்பியவள் நான்தானே. உள்ள விட்டிருந்தா என் மடியிலேயே வச்சு ஊட்டியிருப்பேனே. என் அண்ணன் பிள்ளைக்கு ஊட்டினேனே. அந்த ஸ்பூனும் கையும் இங்கதானே இருந்துச்சு. உள்ள இருந்த பதினைஞ்சு பேரு? அவங்கள்ல யாராவது போயிருந்தா?

தலை வெடித்துவிடும் போலிருக்கிறது.

ஜனவரி 19, திங்கள்

இன்று காப்பகத்தில் ஒரு பிள்ளைக்குக்கூட வயிற்றுக் கோளாறு இல்லை. குயில்கூடத் தேறி வந்து மறுபடியும் ராகம் போடுகிறாள். மேனேஜர் வந்து பார்த்துவிட்டு, நீங்க சொன்ன ஏற்பாடு நல்லா வேலை செய்யுது, அப்படியே தொடருங்க என்றார்.

அவர் போனதும் போய்க் குழாயடியில் நின்றேன். பெரியம்மா வந்து குழாயைத் திறந்துவிட்டார், நான் அழுவது உள்ளே கேட்காமலிருக்க.

அம்மாக்கள் பிள்ளைகளைக் கொடுக்கும்போது என் கண்ணைப் பார்ப்பதில்லை. ஒருத்தி பிள்ளையை நீட்டியபடியே, ராத்திரி ஒண்ணுமில்லக்கா, சத்தியமா ஒண்ணுமில்ல என்றாள். நான் கேட்கவேயில்லை. என்னைக் கண்டு இப்போது பயப்படுகிறார்கள். பயந்தால் மறைப்பார்கள். மறைத்துப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்து தைப்பார்கள்.

இப்போதும் எத்தனை வீட்டில் எந்தப் பிள்ளை அப்படிக் கிடக்கிறதோ. சுவருக்கு அந்தப் பக்கம் மிஷின்கள் ஓடிக்கொண்டே இருக்கின்றன.

ஜனவரி 22, வியாழன்

காலர் வேலைக்கு வந்துவிட்டாள்.

பால் நேர மணி அடித்தது. அம்மாக்கள் வழக்கம்போல் ஓடி வந்தார்கள், அவர்களோடு அவளும் ஓடி வந்துவிட்டாள். வாசல் வரை வந்த பிறகுதான் அவளுக்கே நினைவு வந்தது. அப்படியே நின்றாள். சட்டை முன்பக்கம் நனைந்திருந்தது. மடியிலிருந்த பிள்ளைகள் குடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

கையைப் பிடித்து உள்ளே திரைக்குப் பின்னால் கூட்டிப் போனேன். ஒரு கிண்ணமும் ஈரத்துணியும் கொடுத்தேன். பாலைப் பிழிந்து முடிக்கும் வரை முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். போகும்போது சொன்னாள்:

"உங்க மேல கோவமில்லக்கா. கோவப்பட ஒரு ஆள் வேணும்னு தேடித் தேடிப் பார்க்கிறேன். ஒவ்வொருத்தர் கையிலயும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கு. ஒருத்தர் கையிலயும் முழுசா இல்ல."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? நாளைக்கும் வா என்றேன்.

ஜனவரி 23, வெள்ளி

வந்தாள். கிண்ணத்தை அவளே எடுத்துக்கொண்டாள்.

போகும்போது, நூல் பெட்டிகள் அடைத்து வைத்திருக்கும் சின்ன அறை யாருடையது என்று கேட்டாள். ஏன் என்றேன். காற்று வருமா என்றாள்.

ஜனவரி 27, செவ்வாய்

சனிக்கிழமையே மேனேஜரிடம் கேட்டேன். அந்தச் சின்ன அறையைக் காலி செய்து கொடுங்கள். உடம்பு சரியில்லாத பிள்ளையைத் திருப்பி அனுப்ப வேண்டாம், அங்கே தனியாக வைத்து நாங்கள் ஊட்டுகிறோம். பிள்ளைக்கு முடியவில்லை என்றால் அம்மாவை லைனிலிருந்து எழுப்பிக்கொண்டு போக எங்களுக்கு உரிமை வேண்டும், கேட்டில் யாரும் நிறுத்தக்கூடாது. இடமில்லை, வழக்கமில்லை, பார்க்கலாம் என்றார். பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா?

வந்து காலரிடம் சொன்னேன்.

இன்று காலை அவள் மிஷின் முன்னால் உட்கார்ந்தாள். காலர்களை அழகாக அடுக்கி வைத்தாள். மிஷினை ஓட்டவில்லை. சத்தம் போடவில்லை, எழுந்திருக்கவும் இல்லை, மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், அவ்வளவுதான். காலர் இல்லாத சட்டைகள் அவளுக்கு அந்தப் பக்கம் குவிந்தன. சட்டைக்குக் கை தைக்கிறவள் முடித்துவிட்டுச் சும்மா இருந்தாள், பட்டன் வைக்கிறவளுக்கு வேலையே வரவில்லை. அவள் இடத்தில் வேறொருத்தியை உட்காரச் சொன்னார்கள், அவள் தலைவலி என்றாளாம். அடுத்தவளுக்கும் தலைவலி. பேக்கிங் வரைக்கும் தலைவலி பரவிவிட்டது என்று அண்ணி வந்து சொன்னார். லீவு முடிந்து இன்றுதான் வேலைக்கு வந்திருக்கிறார், முதல் நாளே தலைவலி. பல நாளைக்குப் பிறகு அவர் கண்ணில் ஒரு குறும்பைப் பார்த்தேன்.

மேனேஜர் காப்பகத்துக்கு வந்தார். தொங்கிய துணிகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நகைச்சுவை எதுவும் வரவில்லை. சின்ன அறையின் சாவியைப் பெரியம்மா கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

சாவி வந்தது. அவள் மிஷினை ஓட்டினாள்.

பிப்ரவரி 6, வெள்ளி

சின்ன அறையில் இன்று இரண்டு பேர். ஒருத்திக்குச் சாயங்காலம் கண் உள்ளே போகிறதோ என்று தோன்றியது. லைனுக்குப் போய் அவள் அம்மா தோளைத் தொட்டேன். எழுந்து வந்தாள். கேட்டில் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஒன்றுமில்லை, சரியாகிவிடும் என்று சிஸ்டர் அனுப்பினார்.

பிப்ரவரி 18, புதன்

சிஸ்டர் குளிர்பெட்டியைத் தூக்கிக்கொண்டு காப்பகத்துக்கே வந்துவிட்டார். வயது தாண்டாத குட்டிகள் நாலு பேருக்கு வாயில் சொட்டு மருந்து. ஒன்று முகத்தைச் சுளித்தது, மற்றவை சப்புக்கொட்டின. இதற்குப் பிறகும் வரலாம், வந்தாலும் பெரும்பாலும் இவ்வளவு மோசமாகாது என்றார். மற்ற பிள்ளைகளுக்கு வயது தாண்டிவிட்டதாம்.

காலர் வாசலில் நின்று பார்த்தாள். கடைசிக் குழந்தை முடியும் வரை நின்றுவிட்டுத் திரும்பிப் போனாள்.

ஏப்ரல் 2, வியாழன்

வெயில். அறையில் எல்லோரும் நலம். அப்பாடா என்று எழுதக் கை வரவில்லை.

ஜூன் 15, திங்கள்

பெரியம்மாவுக்கு முழங்கால் முடியவில்லை. இனி தரையில் உட்கார்ந்து எழ முடியாது என்று வேலையை விட்டு நின்றுகொண்டார். அந்த இடத்துக்கு யாரைப் போடலாம் என்று மேனேஜர் கேட்டபோது காலர் தானாகவே போய்க் கேட்டிருக்கிறாள். உன்னை மாதிரி காலர் வைக்க வேறு யார் என்றாராம். "கத்துக்குடுத்துட்டு வர்றேன்" என்றாளாம்.

எனக்குப் பயமாக இருந்தது. அவளால் இந்த அறையில் இருக்க முடியுமா? அதையே கேட்டேன். தெரியல, இருந்து பார்க்கறேன் என்றாள்.

டிசம்பர் 3, வியாழன்

குளிர் வந்துவிட்டது. ஆரம்பம்தான், இனிமேல்தான் இருக்கிறது.

காலையில் ஓர் அம்மா பிள்ளையை நீட்டும்போதே, அக்கா, ராத்திரியிலேர்ந்து இவனுக்குப் போகுது என்று தானாகவே சொன்னாள். ஆறு மாதக் குழந்தை. போன மாதம் வேறெங்கிருந்தோ வந்து சேர்ந்தவர்கள், சொட்டு மருந்து கொடுத்தார்களா என்று அவளுக்கே தெரியவில்லை. நான் வாங்கக் கை நீட்டினேன். அதற்கு முன் காலர் வாங்கிக்கொண்டு சின்ன அறைக்குள் போய்விட்டாள்.

நாள் முழுக்க வெளியே வரவில்லை. நடுவில் இரண்டு தடவை அந்த அம்மாவை லைனிலிருந்து கூட்டி வந்து பால் கொடுக்க வைத்தாள். மதியம் நான் சாப்பாடு கொண்டுபோய் வைத்தேன், அப்படியே இருந்தது. காலையிலிருந்து ஒண்ணுக்கே போகலக்கா என்றாள், என்னைப் பார்க்காமல். உள்ளே போகும் தண்ணீர் உடம்புக்குப் போதவில்லை என்று அர்த்தம். இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பலாம் என்று பையை எடுத்து வைத்தேன். அவள் ஸ்பூனை நிறுத்தவில்லை. கக்கினான், துடைத்தாள், பொறுத்தாள், மறுபடியும் கொடுத்தாள்.

மாலை மணி அடிக்கும் முன் உள்ளேயிருந்து கூப்பிட்டாள். போனேன். உட்கார்ந்த இடத்திலிருந்து அவள் எழவில்லை. மடி முழுக்க ஈரம், தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

"நனைச்சுட்டான்க்கா."

வேறு புடவை தரட்டுமா, மாற்றிக்கொள்கிறாயா என்றேன். இருக்கட்டும் என்றாள். அந்த அம்மா வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போன பிறகும் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.